களத்தில் 3.4, லேபில் 4.6: குழாய் அரிப்பு அளவுகள் ஒத்துப்போகாதபோது எங்கிருந்து தேடுவது

பள்ளம் தோண்டி, பூச்சை உரித்து, அரிப்பை அளந்து எழுதியாகிவிட்டது. அந்தத் துண்டை வெட்டி லேபுக்கும் அனுப்பியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அறிக்கை வருகிறது. நீங்கள் 3.4 மி.மீ. என்று எழுதிய அரிப்புக் குழியை அவர்கள் 4.6 என்கிறார்கள். களத்தில் இருப்பவர் "வெட்டும்போது கெடுத்துவிட்டார்கள்" என்பார். லேபில் இருப்பவர் "வெயிலில் நின்று அவசரத்தில் அளந்திருப்பார்கள்" என்பார். மேலாளர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்வார். இந்த மூன்றில் கூட்டி வகுப்பதுதான் மோசம். மற்ற இரண்டிலாவது உண்மை இருக்க வாய்ப்பு உண்டு.

பல வருடம் களத்தில் கேஜ் பிடித்துவிட்டு, இப்போது வெட்டிய துண்டுகள் வந்து இறங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத் தப்பையும் நானே செய்திருக்கிறேன். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், துண்டையே திரும்ப வெட்ட வேண்டிய காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

சதவீதத்தை மூடி வைத்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் எடுங்கள். பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு குழி: ஆழம் 3.5, அடியில் மிச்சம் 6.6 மி.மீ. குழாயின் பெயரளவுத் தடிமன், அதாவது தாளில் எழுதியிருக்கும் தடிமன், 9.5. பக்கத்தில் அரிப்பில்லாத இடத்தில் அளந்தால் 10.1 வருகிறது. இதில் தப்பே இல்லை. குழாய்களுக்கான ஏபிஐ 5எல் தரத்தில், 5-லிருந்து 15 மி.மீ.க்குள் இருக்கும் வெல்டு குழாய்க்கு 10 சதவீதம் கூடவோ குறையவோ இடம் உண்டு. இப்போது கணக்கைப் பாருங்கள். மிச்சத் தடிமனைப் பெயரளவிலிருந்து கழித்தால் இழப்பு 31 சதவீதம். உண்மைத் தடிமனை வைத்தால் 35. குழி ஆழத்தைப் பெயரளவால் வகுத்தால் 37. ஒரே குழி, ஒரே அளவு, மூன்று அறிக்கை. மில்லிமீட்டரில் ஒத்துப்போய்ச் சதவீதத்தில் மட்டும் உதைத்தால் பழுது கேஜில் இல்லை, எக்செல் தாளில்.

அடுத்து, இரு பக்கமும் அளந்தது ஆழத்தையா, மிச்சத் தடிமனையா என்று கேளுங்கள். வெளிப்புற அரிப்பில் களம் பெரும்பாலும் ஆழத்தை அளக்கும். லேப் துண்டைக் குறுக்கே வெட்டி மிச்சத்தை அளந்து, எதிலிருந்தோ கழித்து ஆழம் எழுதும். அந்த 'எதிலிருந்தோ' என்ன என்பது அறிக்கையில் இருக்காது. போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி: நீங்கள் சொன்ன இடத்தில் குழியே இல்லை என்கிறது லேப்

திசை மாறியிருக்கிறதா? கடிகார நிலையை (குழாயின் மேல்புறம் 12 மணி, அடி 6 மணி) ஓட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றுதான் எழுத வேண்டும். எதிர்த் திசையைப் பார்த்து நின்றால் 4 மணி 8 மணியாகிவிடும். ஒரு முறை லேபிலிருந்து தம்பி ஒருவர் கூப்பிட்டார்: "அண்ணே, நீங்க குறிச்ச எடத்துல கண்ணாடி மாதிரி இருக்கு." துண்டின் மேல் ஓட்ட அம்புக்குறி இருக்கிறதா என்றேன். "இருந்துச்சு போல. ஆசிட்ல கழுவினப்ப போயிருச்சு." சரி, 8 மணியில் பார் என்றேன். போனைக் கீழே வைக்காமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே இருந்தது.

அதிலிருந்து மார்க்கர் பேனாவை நம்புவதை விட்டுவிட்டேன். துண்டு வெட்டப்படும் என்று முடிவானதும் அம்புக்குறியையும் 12 மணிக் கோட்டையும், அரிப்பிலிருந்து தள்ளி, துண்டின் இரு ஓரத்திலும் மழுங்கிய பஞ்ச் (உலோகத்தில் குறி பதிக்கும் கருவி) வைத்துக் குத்தி வைக்கிறேன். அது குழாய் சேவையிலிருந்து எடுக்கப்பட்ட பிறகு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பஞ்ச் வைக்காதீர்கள்.

தூரம் எங்கிருந்து? சுற்று வெல்டின் நடுவிலிருந்தா, ஓரத்திலிருந்தா, வெட்டு முனையிலிருந்தா? வெட்டு முனையிலிருந்து என்றால் வாள் தின்ற அகலமும், லேப் முனையைச் சமப்படுத்தியதும் போய்விட்டிருக்கும். நெருக்கமான குழிக் கூட்டத்தில் 5 மி.மீ. தள்ளினாலே வேறு குழி.

பரிசோதனை: களத்தில் எடுத்த போட்டோவை, அளவுகோல் தெரியும்படி எடுத்திருந்தால், லேபின் போட்டோவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழிக் கூட்டத்தின் வடிவம் கைரேகை மாதிரி. ஒத்துப்போகாவிட்டால் மேலே தொடராதீர்கள். இடம் உறுதியாகாத ஜோடியை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள், எண் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி.

## அறிகுறி: எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம்

5 மி.மீ. இடத்திலும் 0.9 அதிகம், 10 மி.மீ. இடத்திலும் 0.9 அதிகம். இது நல்ல நோய். மருந்து மலிவு.

பூச்சின் மேல் அளந்தீர்களா? மீயொலிக் கேஜ், புரோப் என்ற உணரி வழியாகச் சுவருக்குள் ஒலியை அனுப்பி, உள்சுவரிலிருந்து எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமன் சொல்கிறது. எபாக்சிப் பூச்சில் ஒலி நொடிக்குச் சுமார் 2,500 மீட்டர்தான் போகும். கார்பன் எஃகில் 5,920. கேஜுக்கு இது தெரியாது. எல்லாவற்றையும் எஃகு என்றே நினைத்துக் கணக்குப் போடும். 0.4 மி.மீ. பூச்சு திரையில் ஏறக்குறைய 0.95 மி.மீ. எஃகாகத் தெரியும். பூச்சை உரித்துவிட்டு அளங்கள். உரிக்க முடியாவிட்டால் எதிரொலிக்கு எதிரொலி அளக்கும் முறைக்கு (இரண்டு எதிரொலிக்கு நடுவில் உள்ள நேரத்தை மட்டும் எடுக்கும், பூச்சு கணக்கில் வராது) மாற்றுங்கள். ஆனால் உள்சுவர் அரித்துக் கரடுமுரடாக இருக்கும் இடத்தில் இரண்டாவது எதிரொலி வராது, அந்த முறை கைவிடும். மூன்றடுக்குப் பாலிஎத்திலீன் பூச்சு என்றால் வாதமே வேண்டாம், உரித்தாக வேண்டும்.

புரோப் ஜீரோ நகர்ந்ததா? காலையில் நிழலில் ஜீரோ செய்துவிட்டு மதியம் 1 மணிக்குச் சுடும் குழாயில் வைத்தால், புரோபின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் சூடாகி ஜீரோ நகரும். முனை தேய்ந்திருந்தாலும் இதேதான். திரும்ப ஸ்டெப் பிளாக்கில், அதாவது தடிமன் தெரிந்த படிகள் வெட்டிய கட்டையில், வைத்துப் பாருங்கள். வேலை ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் பிளாக்கைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் ஒவ்வொரு மணிக்கும், புரோப் மாற்றினாலும், கேபிளைக் கழற்றி மாட்டினாலும் பார்க்கிறேன். எழுதியும் வைக்கிறேன், ஏனென்றால் நகர்ந்தது தெரிந்தால் கடைசி நல்ல சோதனைக்குப் பிறகு எடுத்த எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.

லேப் பக்கம் நகர்ந்ததா? மைக்ரோமீட்டரின் ஜீரோ. சிரிக்காதீர்கள். நடந்திருக்கிறது.

மூன்றும் சரி, அப்படியும் வித்தியாசம் நிற்கிறது என்றால் கேஜை என்ஏபிஎல் (சோதனை, அளவுத்திருத்தக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தக் கேஜில் எதையும் அளக்காதீர்கள்.

## அறிகுறி: தடிமன் கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறது

முந்தையதிலிருந்து பிரித்தறிய வழி: ஸ்டெப் பிளாக்கில் மெல்லிய படியையும் தடித்த படியையும் அளங்கள். இரண்டிலும் ஒரே பிழை என்றால் ஜீரோ, மேலே போங்கள். தடித்த படியில் பிழை விகிதப்படி பெரிதானால் ஒலி வேகம்.

பெரும்பாலும் யாரோ துருப்பிடிக்காத எஃகுக்கு வைத்த 5,660-ஐ மாற்றாமல் விட்டிருப்பார்கள். 9.5 மி.மீ. கார்பன் எஃகு சுவர் அப்போது 9.1 போலத் தெரியும். கேஜ் கைமாறும்போதெல்லாம் இது நடக்கும். பிளாக்கும் குழாயும் ஒரே மாதிரிப் பொருளாக இருக்க வேண்டும், உங்கள் குழாய்த் தடிமனுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு படியாவது இருக்க வேண்டும். ஒரே படியில் மட்டும் சரிபார்த்தால் இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வெப்பத்தின் மேல் பழி போடும் வழக்கம் ஒன்று உண்டு. எஃகு 55 டிகிரி சூடானால் ஒலி வேகம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், கேஜ் அந்த அளவு அதிகமாகக் காட்டும். பிளாக் 30 டிகிரி, குழாய் 60 டிகிரி என்றால் 9.5 மி.மீ.யில் வித்தியாசம் 0.05. அதை வைத்து 1.2 மி.மீ.க்கு விளக்கம் சொல்ல முடியாது.

இங்கே நிபுணர் தேவைப்படுவது அபூர்வம். லேபில் அந்தத் துண்டின் நல்ல பகுதியை வெட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதன் மேலேயே கேஜை வைத்து வேகத்தை ஒரு முறை சரிசெய்தால் முடிந்தது.

## அறிகுறி: வெளிப்புறக் குழியில் களம் எப்போதும் குறைவாகக் காட்டுகிறது

தலைப்பில் இருக்கும் 3.4, 4.6 கதை இந்த வகைதான். எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுவே. அதனால் கொஞ்சம் விரிவாக.

1. குழி சுத்தமாக இருந்ததா? குழியின் அடியில் கறுப்பாக, இரும்பு போலவே கெட்டியாக, அரிப்பு விளைபொருள் அடைந்திருக்கும். குழி கேஜின் (தட்டையான அடியும் கீழே இறங்கும் ஊசியும் உள்ள ஆழமானி) ஊசி அதன் மேல் உட்கார்ந்து அடியைத் தொட்டதாகச் சொல்லும். லேப் அதே துண்டை, அரிப்பைத் தடுக்கும் பொருள் கலந்த அமிலத்தில் போட்டுக் கழுவியதும் அடி இன்னும் கீழே இருக்கிறது. பரிசோதனை சுலபம்: பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கூர்முனைக் கம்பியால் குழியடியைச் சுரண்டுங்கள். பொடி வந்தால் இன்னும் அடி வரவில்லை. பளபளவென்று உலோகக் கீறல் தெரிந்தால் வந்துவிட்டது. ஓடும் குழாயில் சுரண்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இந்தப் பகுதியின் கடைசியில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சுரண்டுங்கள்.

வாய் குறுகிய குழிக்குள் பிளாஸ்டிங் மணல் (துருவை நீக்கக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் மணல்) ஒழுங்காகப் போகாது. வெளியே வெள்ளிபோல் மின்னும், உள்ளே கறுப்பாகவே இருக்கும். மேற்பரப்பு சுத்தம் என்று கையெழுத்துப் போட்டவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

2. கேஜை எந்தப் பக்கமாக வைத்தார்கள்? குழி கேஜின் அடிப்பாகம் குழாயின் நீளவாக்கில் உட்கார வேண்டும். சுற்றுவாக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக் கற்றுக்கொண்டேன்.

அது 12 அங்குலக் குழாய், வெளிவிட்டம் 323.9 மி.மீ. அடிப்பகுதியில் 50 மி.மீ. அகலத்துக்கு ஒரு தேய்வு. புதிதாக வந்த பையன் பள்ளத்துக்குள் மல்லாந்து படுத்து, கையெட்டும் வாக்கில், கேஜைக் குறுக்கே வைத்து அளந்திருந்தான். கேஜின் தட்டையான அடி தேய்வின் இரு கரையிலும் உட்கார்ந்துவிட்டது. குழாய் வட்டமாயிற்றே? அந்த இரு கரையையும் இணைக்கும் நேர்க்கோடு, பழைய மேற்பரப்பு இருந்திருக்க வேண்டிய வளைவுக்கு உள்ளே போய்விடும். எவ்வளவு உள்ளே? அகலத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 1.9 மி.மீ. அவ்வளவும் ஆழத்தில் குறைந்துவிட்டது. நாங்கள் அதற்குள் புரோப், பிளாக், லேப் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தோம். கடைசியில் "எப்படி வச்சே, காட்டு" என்றதும் அவன் வைத்துக் காட்டினான். முடிந்தது விஷயம்.

தேய்வு 30 மி.மீ. அகலம் என்றால் பிழை 0.7. குழாய் பெரிதாகப் பெரிதாகக் குறையும். 24 அங்குலத்தில் அதே 50 மி.மீ.க்கு 1.0. நீளவாக்கில் கேஜின் அடியைவிட அரிப்பு நீளமாக இருந்தால் நீண்ட பாலச்சட்டம் ஒன்றை நல்ல மேற்பரப்பிலிருந்து நல்ல மேற்பரப்புக்குப் போட்டு, அதிலிருந்து அளங்கள்.

3. நல்ல மேற்பரப்பே மிச்சம் இல்லையா? சுற்றிலும் பொதுவான அரிப்பு, நடுவில் குழிகள். கேஜ் உட்காரும் இடமே ஏற்கெனவே 0.8 மி.மீ. தேய்ந்தது. அப்போது நீங்கள் அளப்பது குழியின் ஆழம், சுவரின் இழப்பு அல்ல. லேசர் ஸ்கேனரும் இங்கே ஏமாறும். சுற்றியுள்ள பரப்பை வைத்து 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று ஒரு உருளையைக் கற்பனை செய்து, அதிலிருந்து ஆழம் சொல்கிறது. குழாய் சற்று முட்டை வடிவமாக இருந்தால் கற்பனையும் கோணல். சரிபார்க்க, ஸ்கேன் பரப்பில் ஐந்தாறு இடத்தில் மீயொலியில் மிச்சத் தடிமன் எடுத்து, ஸ்கேன் சொல்லும் ஆழத்தோடு கூட்டுங்கள். எல்லா இடத்திலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஸ்கேன் நேர்மையானது.

4. குழிக்குள்ளேயே மீயொலிப் புரோபை வைத்தீர்களா? சாதாரண 10 மி.மீ. இரட்டைப் புரோப் (ஒலியை அனுப்ப ஒரு பாதி, வாங்க ஒரு பாதி) குழிக்குள் இறங்காது. வாயில் உட்கார்ந்துகொள்ளும். ஒலி கடப்பதற்காகத் தடவும் ஜெல் அடியில் தேங்கும். அந்த ஜெல்லில் ஒலி தண்ணீரில் போவது போலத்தான் போகும், 1,500 மீட்டர் அளவில். ஆக 1 மி.மீ. ஜெல் 4 மி.மீ. எஃகாக எண்ணப்படும். மிச்சச் சுவர் 5 என்றால் திரை 9 என்று சொல்லி உங்களை நிம்மதியாகத் தூங்கவைக்கும். குழியடியில் மிச்சம் எடுக்க வேண்டுமென்றால் பென்சில் முனைப் புரோப் வேண்டும். அதுவும் அடி ஓரளவு சமமாக இருந்தால்தான்.

5. லேப் அதிகமாகத் தின்றதா? இது கடைசிதான், ஆனால் உண்டு. தடுப்புப் பொருள் சரியாகக் கலக்காத அமிலம் நல்ல உலோகத்தையும் தின்னும். அரிப்பில்லாத ஒரு சிறு துண்டையும் கூடவே அமிலத்தில் போட்டு எடை பார்த்தீர்களா என்று கேளுங்கள். அரிப்பு மாதிரிகளைக் கழுவுவதற்கான ஏஎஸ்டிஎம் ஜி1 முறை தெரிந்த லேபுக்கு இந்தக் கேள்வி புரியும். புரியாவிட்டால் அதுவே பதில்.

எப்போது நிறுத்த வேண்டும்: குழாய் ஓட்டத்தில் இருந்து, குழி ஆழம் சுவரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது என்று தோன்றினால், சுரண்டல், பிளாஸ்டிங், ஊசி எதுவும் வேண்டாம். அரித்த குழாயின் மிச்ச வலிமையைச் சொல்லும் பி31ஜி கணக்கீட்டு முறையே சுவரில் 80 சதவீதத்துக்கு மேல் ஆழமான குழிக்குப் பொருந்தாது. பள்ளத்திலிருந்து ஏறி, குழாயை இயக்குபவரிடம் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்தபோது இருந்த அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கு இறக்குவது பல இடங்களில் உள்ள வழக்கம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்களுடைய பொறியாளர், கேஜ் பிடித்திருக்கும் நீங்கள் அல்ல.

## அறிகுறி: உட்புற அரிப்பு, களம் நல்ல சுவர் என்கிறது, லேப் குழி என்கிறது

முதல் காரணம் கட்டம். 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்று அளந்தால் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு குழி சௌகரியமாகக் குடியிருக்கலாம். கேஜ் பொய் சொல்லவில்லை, நீங்கள் அங்கே கேட்கவில்லை. வித்தியாசம் வந்த இடத்தைச் சுற்றி, துண்டு இன்னும் வெட்டப்படாமல் இருந்தால், 5 மி.மீ. கட்டத்தில் திரும்ப எடுங்கள்.

கட்டம் நெருக்கம்தான், அப்படியும் தப்பியது என்றால் குழி புரோபைவிடச் சின்னது. 3 மி.மீ. வாய் உள்ள குழியிலிருந்து வரும் எதிரொலி பலவீனம், சுற்றியுள்ள நல்ல சுவரின் எதிரொலி பலம். எண் மட்டும் காட்டும் கேஜ் பலமானதையே பிடிக்கும். அலை வடிவம் காட்டும் கருவியில் கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிப் பாருங்கள். பெரிய எதிரொலிக்கு முன்னால் ஒரு சின்ன மேடு எழுந்தால் அதுதான் குழி.

புரோபைத் திருப்பி வைத்திருந்தாலும் எண் மாறும், முக்கியமாகச் சின்ன விட்டக் குழாயில். இரட்டைப் புரோபின் முகத்தில் நடுவே தெரியும் பிரிப்புக் கோடு, குழாயின் நீள அச்சுக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் விடை கிடைக்காவிட்டால் என்கோடரோடு (புரோப் நகரும் தூரத்தைப் பதியும் கருவி) பேஸ்டு அரே ஸ்கேன் (பல சிறு உணரிகள் சேர்ந்த மீயொலிப் புரோபால் எடுப்பது). வாடகையும் ஆளும் சேர்த்து எண் கேஜைவிடப் பல மடங்கு செலவு, ஆனால் 1 மி.மீ. கட்டத்தில் படமாகக் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் எடுத்தால்தான் பயன். வெட்டிய பிறகு என்னிடம் வந்து "ஸ்கேன் எடுத்திருக்கலாமோ" என்று கேட்பவர்கள் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம்.

## அறிகுறி: களம் பயமுறுத்துகிறது, லேப் நல்ல சுவர் என்கிறது

ரீடிங் சுவரின் பாதியில் நிற்கிறதா? ஒரு கையகலப் பரப்பு முழுக்க 4.7, 4.8, 4.7 என்று மாறாமல்? அரிப்பு அப்படி ஒழுங்காக இருக்காது. தகடு உருட்டும்போதே உள்ளே பிரிந்த அடுக்கு அது, லேமினேஷன். லேபில் குறுக்கே வெட்டி மெருகேற்றிப் பார்த்தால் நடுச்சுவரில் ஒரு கோடு தெரியும். ஆனால் லேப் மைக்ரோமீட்டரில் வெளியிலிருந்து உள்ளே அளந்தால் முழுத் தடிமன்தான் வரும். இருவரும் சரி. அறிக்கையில் 'அரிப்பு' என்ற சொல்தான் தப்பு. லேமினேஷன் சாய்வாக மேற்பரப்பை நோக்கி வருகிறதா, வெல்டைத் தொடுகிறதா என்பதை லெவல் த்ரீ (சேதமில்லாச் சோதனையில் மேல்நிலைச் சான்று பெற்றவர்) ஒருவர் பார்க்கட்டும்.

லேப் மைக்ரோமீட்டரின் தாடை தட்டையா, உருண்டையா என்றும் பாருங்கள். தட்டைத் தாடை குழியின் மேல் பாலம் போட்டுவிட்டு நல்ல சுவர் என்று சொல்லும்.

இதன் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. சுவர் மிக மெலிந்து 1 மி.மீ. அருகில் வந்தால், பல இரட்டைப் புரோப்கள் முதல் எதிரொலியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடிக்கும். 1.0 இருக்கும் இடத்தில் 2.0 காட்டும். ரீடிங் 4, 3, 2.4 என்று இறங்கிவந்து திடீரென்று ஏறினால், அது சுவர் தடித்ததால் அல்ல. கையை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: விரிசலின் ஆழம் பொருந்தவில்லை

அரிப்புக்குச் சொன்ன எதுவும் இங்கே அப்படியே பொருந்தாது. நான் இதில் கைவைப்பது முதல் மூன்று கேள்வி வரைதான்.

லேப் அளந்தது சுவருக்குச் செங்குத்தான ஆழத்தையா, வளைந்து நெளிந்து போகும் விரிசலின் நீளத்தையா? நுண்ணோக்கிப் படத்தில் கோட்டின் வழியே அளந்துவிட்டால் எண் பெரிதாக வரும்.

குறுக்கு வெட்டு விரிசலின் ஆழமான இடம் வழியே போனதா? ஒரு வெட்டு ஒரு இடத்தின் ஆழத்தைத்தான் சொல்லும். உறுதியாக அறிய, துண்டைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து விரிசலைப் பிளந்து முகத்தைப் பார்க்கலாம். பிளந்த பிறகு வேறு எந்தச் சோதனைக்கும் அந்தத் துண்டு உதவாது. ஆகவே யோசித்துச் செய்யுங்கள்.

களத்துக் கருவியை எதில் அளவுத்திருத்தம் செய்தார்கள்? மின்பொறியால் வெட்டிய நேரான காடியில் என்றால், தலைமுடிபோல் கிளைத்துக் கூட்டமாக இருக்கும் அழுத்த அரிப்பு விரிசல் அதைப்போல எதிரொலிக்காது. எதிரொலியின் உயரத்தை வைத்து ஆழம் சொன்னார்களா, விரிசல் நுனியிலிருந்து சிதறும் அலையை வைத்தா என்று கேளுங்கள். முதலாவது என்றால் வித்தியாசத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

குழாய் அழுத்தத்தில் இருந்தபோது வாய் திறந்திருந்த விரிசல், வெட்டிய பிறகு மூடிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். வெட்டிய துண்டில் திரும்ப மீயொலி வைத்து "இப்போது குறைவாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகும் பொருந்தாவிட்டால், விரிசல் அளப்பில் அனுபவமுள்ள லெவல் த்ரீயிடம் கச்சா ஸ்கேன் கோப்புகளைக் கொடுத்துவிடுங்கள். கச்சா கோப்புகள், பிடிஎஃப் அல்ல.

ஒடுக்குகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அடியில் பாறை அழுத்திக்கொண்டிருந்தபோது ஒரு ஆழம், பாறையை எடுத்ததும் ஒன்று, அழுத்தம் இறக்கி வெட்டியதும் ஒன்று. லேப் எண்ணை வைத்துக் களத்து எண்ணைத் திருத்த இங்கே வழியே இல்லை.

## அறிகுறி: ஒரு ஒழுங்கும் இல்லாமல் சிதறுகிறது

சில குழியில் களம் அதிகம், சிலவற்றில் லேப் அதிகம். சராசரி வித்தியாசம் பூஜ்யம், ஆனால் ஒவ்வொன்றும் 1 மி.மீ. தப்பு.

பழைய வெட்டுத் துண்டு ஒன்றைத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குழிக்கு எண் எழுதுங்கள். மூன்று பேர், ஒவ்வொருவரும் மூன்று முறை, முந்தைய எண்ணைப் பார்க்காமல் அளக்கட்டும். அரை நாள் வேலை, டீச் செலவு மட்டும்.

ஒரே ஆளுக்கே மூன்று முறையும் மூன்று விதமாக வந்தால் கருவி அல்லது கைப்பழக்கம். ஒவ்வொருவரும் தம் அளவில் சீராக இருந்து, ஆளுக்கு ஆள் மாறினால் செயல்முறை எழுத்தில் தெளிவில்லை: கேஜை எங்கே வைப்பது, எதை ஆழமான புள்ளி என்பது என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். மூவரும் ஒத்துப்போனால் அளவீடு சரி, பழுது இடக்குறிப்பிலோ சுத்தத்திலோ. இடம் என்றால் முதல் அறிகுறிக்கும், சுத்தம் என்றால் வெளிப்புறக் குழி அறிகுறிக்கும் திரும்பப் போங்கள்.

லேபையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். முகம் சுளிப்பார்கள். ஆனால் குறுக்கு வெட்டு, குழியின் ஆழமான புள்ளியை 1 மி.மீ. தவறவிட்டாலும் கூம்பு வடிவக் குழியில் எண் விழுந்துவிடும். ஒரே வெட்டில் நிறுத்தாமல் 0.2 மி.மீ. வீதம் தேய்த்து, ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்து, ஆழம் கூடிக் குறையத் தொடங்கும் வரை போனார்களா? இல்லையென்றால் அவர்களுடைய எண் 'குறைந்தது இவ்வளவு' என்பதுதான், உண்மை ஆழம் அல்ல.

## அறிகுறி: ஆழமான குழிகளில் மட்டும் களம் அதிகமாகக் காட்டுகிறது

கருவியைக் கழற்றாதீர்கள். முதலில் எந்தத் துண்டுகளை வெட்டினீர்கள் என்று பாருங்கள். களத்தில் ஆழம் அதிகம் என்று வந்தவற்றைத்தானே? ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் கூடுதல் குறைச்சல் இருக்கும். 'அதிகம்' என்று வந்தவற்றை மட்டும் பொறுக்கினால், தற்செயலாக அதிகம் காட்டியவை அந்தக் கூடையில் நிறையச் சேர்ந்துவிடும். லேபில் அளந்தால் குறையத்தான் செய்யும். குழாய்க்குள் ஓடும் காந்தக் கருவியின் அறிக்கையைத் தோண்டிச் சரிபார்ப்பவர்களுக்கும் இதே வேடிக்கை நடக்கும்.

பரிசோதனை: அதே துண்டுகளில், யாரும் கவலைப்படாத ஆழம் குறைந்த குழிகளையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, லேபில் அளக்கச் சொல்லுங்கள். அவற்றோடு சேர்த்தால் வளைவு நேராகிவிடுகிறதா? அப்படியானால் பழுது உங்கள் பொறுக்கலில். நேராகாவிட்டால் அளவீட்டில் உண்மையான கோணல் இருக்கிறது. மேலே பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள்.

வரைபடம் போடும்போது களத்தை ஒரு அச்சிலும் லேபை மறு அச்சிலும் வைத்துக் கோடு இழுத்து, ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் 1-ஐ நெருங்கும் எண்) 0.98 என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா ரீடிங்கும் 0.9 கூடுதலாக இருந்தாலும் 0.98 வரும். வித்தியாசத்தை, அதாவது களம் கழித்தல் லேபை, ஆழத்துக்கு எதிராகப் போடுங்கள். கண்ணுக்கே தெரியும்.

## திருத்தக் காரணி கேட்கிறார்கள்

கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது இங்கேதான்: "இனிமேல் களத்து எண்ணோடு எவ்வளவு கூட்டிக்கொள்ளலாம்?"

வித்தியாசத்தின் காரணம் தெரிந்து, அதைத் திருத்த முடிந்தால், திருத்துங்கள், காரணி வேண்டாம். காரணம் தெரிந்து, திருத்த முடியாத இடத்தில் (அகற்ற முடியாத பூச்சு மாதிரி) காரணி போடலாம். காரணம் தெரியாமல் போடும் காரணி, அடுத்த குழாயில், அடுத்த ஆள் கேஜைச் சரியாக வைத்தவுடன் நல்ல எண்ணைக் கெடுக்கும். 20 ஜோடிக்குக் குறைவாக இருந்தால் நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தாலும் கச்சா எண்ணும் திருத்திய எண்ணும் அறிக்கையில் தனித்தனிப் பத்தியில் நிற்க வேண்டும்.

காரணி போட்டால் குழிகள் ஆழம் குறைகின்றன, அதனால் பழுதுபார்ப்புத் தேவையில்லை என்று முடிவு வருகிறதா? அந்தத் தாளில் நான் தனியாகக் கையெழுத்துப் போடமாட்டேன். லெவல் த்ரீயும் குழாயின் உறுதியைக் கணக்கிடும் பொறியாளரும் முதலில் போடட்டும்.